கதைச்சுருக்கம் என்னும் விற்பனைக் கடிதம்

அத்தியாயம் 9

நாவலை எழுதி முடித்துவிட்டீர்கள். முந்நூறு பக்கம், மூன்று வருட உழைப்பு. பதிப்பகத்தில் விசாரித்தால், “ஒரு பக்கத்துக்குக் கதைச்சுருக்கமும் முதல் மூன்று அத்தியாயங்களும் அனுப்புங்கள்” என்கிறார்கள். அந்த ஒரு பக்கத்துக்கு முன்னால் உட்கார்ந்ததும் கை ஓடுவதில்லை. எதை விடுவது, எதைச் சொல்வது என்று குழம்பி, கடைசியில் அத்தியாயம் அத்தியாயமாக நடந்ததை எழுதி அனுப்பிவிடுகிறோம். நாவலில் இருந்த உயிர் அந்தப் பக்கத்தில் இருப்பதில்லை.

ஒரு பொருளைப் பற்றித் தெரியாதவரிடம், குறைந்த இடத்தில், அவர் மனம் அசையும்படி சொல்வதையே தொழிலாகச் செய்கிறவர்கள் விளம்பர எழுத்தாளர்கள். அவர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சோதித்துப் பார்த்த சில உத்திகளை நம் கதைச்சுருக்கத்துக்குப் பயன்படுத்துவது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

“விளம்பரம் என்றாலே மிகைதானே, இலக்கியத்துக்கு அது எதற்கு?” என்று தயங்க வேண்டாம். நல்ல விளம்பரம் இருப்பதைத்தான் சொல்லும், மனதில் பதியும்படி சொல்லும். இந்த அத்தியாயம் முழுவதற்கும் விதி ஒன்றுதான்: புகழ்ந்து எழுதிய பத்து வார்த்தையைவிடத் துல்லியமான ஒரு தகவல் அதிகம் நம்ப வைக்கும்.

முதலில் ஒரு தெளிவு: சுருக்கம் வேறு, பின்னட்டை வேறு

பின்னட்டை வாசகம் புத்தகக் கடையில் நிற்கும் வாசகருக்கு. அவரை உள்ளே இழுக்க, முடிவை மறைத்து வைப்போம். கதைச்சுருக்கம், உங்கள் நாவலில் பணம் போடலாமா என்று முடிவெடுக்கும் பதிப்பாசிரியருக்கு. அவருக்கு முடிவு தெரிந்தாக வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாவலை வைத்துப் பார்ப்போம். கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ நாவலுக்குப் பின்னட்டை எழுதினால் இப்படி எழுதலாம்: சோழ நாட்டின் விடுதலையைக் கனவு கண்டு போர்க்களத்தில் விழுகிறான் பார்த்திபன். அவன் மகனை வீரனாக வளர்ப்பதாக வாக்குக் கொடுக்கும் சிவனடியார் யார்?

அதே நாவலின் கதைச்சுருக்கத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. விடையைத்தான் எழுத வேண்டும்: வாக்குக் கொடுத்த சிவனடியார், பார்த்திபனைப் போரில் வென்ற பல்லவச் சக்கரவர்த்தி நரசிம்மவர்மரே. அவர் காப்பாற்றிய பார்த்திபன் மகன் விக்கிரமன், சுதந்திரச் சோழ நாட்டின் மன்னனாகி, அவர் மகள் குந்தவியை மணக்கிறான்.

பகைவனே வாக்கைக் காப்பாற்றுகிறான் என்பதுதான் அந்தக் கதையின் பலம். அதை மறைத்துவிட்டால், பதிப்பாசிரியர் கையில் இருப்பது வழக்கமான ஒரு ராஜா கதை.

தேவையானவை

- முழுமையாக எழுதி முடித்த நாவல். பாதி நாவலுக்குச் சுருக்கம் எழுத வேண்டாம். முடிவு மாறினால் எல்லாம் மாறும்.
- ஒரு நோட்டுப் புத்தகம், இரண்டு நிறப் பேனா.
- மூன்று மாலை நேரம். ஒரே இரவில் எழுதி மறுநாள் காலையில் அனுப்பும் வேலை அல்ல இது.
- உங்கள் நாவலைப் படிக்காத ஒரு நண்பர். கடைசிப் படியில் அவர் தேவைப்படுவார்.

இந்த அத்தியாயத்துக்காகவே ஒரு கற்பனை நாவலை எடுத்துக்கொள்கிறேன். பெயர் ‘அம்பாரம்’, அதாவது உப்புக் குவியல். தூத்துக்குடி உப்பளத்தில் கூலி வேலை செய்யும் முத்துமாரி, பதினோரு பெண்களைச் சேர்த்துக்கொண்டு உப்பளத்தைக் குத்தகைக்கு எடுக்கும் கதை. ஒவ்வொரு படியிலும் இதையே மாதிரியாக வைத்துக்கொள்வோம்.

படி 1: யாருக்கு அனுப்புகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

விளம்பர எழுத்தாளர் கேட்கும் முதல் கேள்வி, “இதை யார் வாங்கப் போகிறார்கள்?” என்பதுதான். நீங்களும் அதையே கேட்டுக்கொள்ளுங்கள்.

1. தமிழ்ப் பதிப்பகம் என்றால்: கதையின் களம், புதுமை, பக்க அளவு ஆகியவை முதலில் கண்ணில் பட வேண்டும்.
2. நாவல் போட்டி என்றால்: நடுவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பிரதிகள் பார்ப்பவர். முதல் இரண்டு வரியிலேயே உங்கள் கதை மற்றவற்றிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும்.
3. வேற்று மொழிப் பதிப்பாளர் என்றால்: 2023 ஜனவரியில் தொடங்கிய சென்னை சர்வதேசப் புத்தகக் காட்சி போன்ற உரிமைப் பரிமாற்றச் சந்தைகளுக்கு ஆங்கிலச் சுருக்கம் வேண்டும். அங்கே அம்பாரம், பண்ணையாள், கொடை என்றால் என்ன என்பதை வாக்கியத்துக்குள்ளேயே விளங்க வைக்க வேண்டும்.
4. பிரிட்டன், அமெரிக்க இலக்கிய முகவர் என்றால்: அறிமுகக் கடிதம், சுருக்கம், தொடக்க அத்தியாயங்கள் என்று தனித்தனியாகக் கேட்பார்கள். அளவை அவரவர் நிபந்தனைப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு: ஒரே சுருக்கத்தை நால்வருக்கும் அனுப்ப வேண்டாம். உடல் ஒன்றாக இருக்கட்டும். முதல் பத்தியை மட்டும் ஆளுக்கேற்ப மாற்றுங்கள்.

படி 2: உங்கள் நாவலைச் சரக்கு போலப் பரிசோதியுங்கள்

1958-ல் விளம்பர எழுத்தாளர் டேவிட் ஓகில்வி ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு எழுதிய விளம்பரம் இன்றும் பேசப்படுகிறது. எழுதுவதற்கு முன் அவர் மூன்று வாரம் அந்தக் காரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தார். அப்போது ஒரு சிறு தகவல் கண்ணில் பட்டது: அறுபது மைல் வேகத்தில் போகும்போதும் காருக்குள் கேட்கிற பெரிய சத்தம் மின்கடிகாரத்தின் சத்தம்தான். அதையே தலைப்பாக்கினார். ‘அமைதியான கார்’, ‘உயர்தரமான கார்’ என்று எழுதியிருந்தால் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

உங்கள் நாவலிலும் அப்படி ஒரு கடிகாரம் இருக்கிறது. அதைத் தேடுங்கள்:

1. நாவலை முதலிலிருந்து கடைசிவரை படியுங்கள். திருத்தக் கூடாது, படிக்க மட்டும் வேண்டும்.
2. வேறு எந்த நாவலிலும் இருக்க முடியாத காட்சி, பொருள், செயல் எதுவானாலும் நோட்டில் ஒரு வரியாகக் குறியுங்கள்.
3. இருபது வரி சேரும்வரை நிறுத்த வேண்டாம்.
4. அதில் மூன்றை வேறு நிறப் பேனாவால் அடிக்கோடிடுங்கள்.

‘அம்பாரம்’ நாவலுக்கு நான் குறித்தவற்றில் ஒன்று: மழை முந்திக்கொண்ட இரவில் பெண்கள் தங்கள் வீட்டுக் கூரையின் பனையோலையைப் பிய்த்து வந்து உப்புக் குவியலை மூடுகிறார்கள். தங்கள் தலை நனைந்தாலும் உப்பு நனையக் கூடாது. இந்த நாவலின் கடிகாரம் இதுதான்.

படி 3: ஒரே ஒரு தனித்தன்மையைப் பிடியுங்கள்

ராசர் ரீவ்ஸ் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் 1961-ல் வெளியிட்ட நூலில் வற்புறுத்திய விஷயம் இது: ஒரு விளம்பரம் ஒரே ஒரு வாக்குறுதியைத் தர வேண்டும். போட்டியாளர் தராததாக அது இருக்க வேண்டும். வாங்குபவரை அசைக்கும் அளவு வலுவாகவும் இருக்க வேண்டும்.

நாவலாசிரியர்கள் இங்கேதான் தடுமாறுகிறோம். “இது உழைப்பைப் பற்றிய கதை, பெண்ணியம் இருக்கிறது, சாதி வருகிறது, தாய் மகள் உறவும் உண்டு” என்று அடுக்குகிறோம். நாலு கடைச் சரக்கை ஒரே தட்டில் வைத்தால் எதுவும் கண்ணில் படாது.

இந்த வாக்கியத்தை நிரப்புங்கள்: “__________ பற்றிப் பல நாவல்கள் உண்டு. __________ என்பது இந்த நாவலில் மட்டும்தான்.”

மாதிரி: “உழைப்பாளிப் பெண்களைப் பற்றிப் பல நாவல்கள் உண்டு. உப்பளக் கூலிகள் ஒரு பருவத்துக்குத் தாங்களே முதலாளியாகி, மழையோடு பந்தயம் கட்டுவது இந்த நாவலில் மட்டும்தான்.”

இரண்டாவது கோட்டை நிரப்ப முடியவில்லையா? படி 2-க்குத் திரும்புங்கள். விடை நோட்டில்தான் இருக்கும்.

படி 4: ஒற்றை வரியை எழுதுங்கள், பதினாறு முறை எழுதுங்கள்

ஒரு விளம்பரத்துக்குப் பதினாறுக்குக் குறைவாகத் தலைப்பு எழுதுவதில்லை என்று 1963-ல் வந்த தன் நூலில் ஓகில்வி சொல்லியிருக்கிறார். அனுபவசாலியான அவருக்கே பதினாறு வேண்டியிருந்தது. நமக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

ஒற்றை வரியில் நான்கு இருக்க வேண்டும்: யார், என்ன வேண்டும், எது தடுக்கிறது, தோற்றால் என்ன போகும்.

- முதல் முயற்சி: “ஓர் ஏழைப் பெண்ணின் வாழ்க்கைப் போராட்டம்.” (யாரும் யாரைப் பற்றியும் எழுதக்கூடிய வரி.)
- ஐந்தாவது முயற்சி: “உப்பளத்தைக் குத்தகைக்கு எடுக்கும் முத்துமாரி பல தடைகளைச் சந்திக்கிறாள்.” (ஆள் வந்துவிட்டாள். தடை என்ன என்று தெரியவில்லை.)
- பதினாறாவது முயற்சி: “மகளின் கல்யாண நகையை அடகு வைத்து உப்பளத்தைக் குத்தகைக்கு எடுக்கும் முத்துமாரி, ஐப்பசி மழைக்குள் உப்பை விற்றாக வேண்டும், வாங்க வரும் லாரிகளையெல்லாம் திருப்பி அனுப்புவது அவளுடைய சொந்த அண்ணன்.”

பதினாறாவதில் அலங்கார அடைமொழி ஒன்றுகூட இல்லை. நகை, மழை, லாரி, அண்ணன் என்று எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பொருளும் ஆளும். அந்த வரி நிற்பது அவற்றால்தான்.

படி 5: முதுகெலும்பை எடுங்கள்

ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே வாக்கியத்தில் பதில் எழுதுங்கள்.

1. கதை தொடங்கும்போது நாயகர் எந்த நிலையில் இருக்கிறார்?
2. எந்தச் சம்பவம் அவரைக் கிளப்பிவிடுகிறது?
3. அவர் எடுக்கும் முடிவால் என்ன சிக்கல் வருகிறது?
4. திரும்ப முடியாத கட்டம் எது? அங்கே அவர் எதை இழந்து எதைத் தேர்ந்தெடுக்கிறார்?
5. கடைசியில் வெளியே என்ன மாறுகிறது? அவருக்குள் என்ன மாறுகிறது?

பத்து வாக்கியம் கையில் இருக்கும். சுருக்கத்தின் எலும்புக்கூடு அதுதான். இதில் இடம்பெறாத கிளைக்கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் சுருக்கத்துக்குள் வரக் கூடாது. நாவலில் அது பத்திரமாகவே இருக்கிறது.

படி 6: நான்கு படிக்கட்டில் அடுக்குங்கள்

கவனம், ஆர்வம், ஆசை, செயல் என்பது விளம்பரத் துறையின் பழைய வாய்ப்பாடு. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் இயங்கிய அமெரிக்க விளம்பரக்காரர் செயின்ட் எல்மோ லூயிஸ் பெயரோடு சேர்த்து அதைச் சொல்வார்கள். கதைச்சுருக்கத்துக்கு அதை இப்படிப் பொருத்தலாம்:

1. கவனம் (பத்தில் ஒரு பங்கு): படி 4-ல் எழுதிய ஒற்றை வரி. இடமும் காலமும் இங்கேயே வந்துவிட வேண்டும்.
2. ஆர்வம் (பத்தில் மூன்று பங்கு): படி 5-ன் முதல் மூன்று பதில்கள். சிக்கல் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற வேண்டும்.
3. ஆசை (பத்தில் நான்கு பங்கு): திரும்ப முடியாத கட்டமும் உச்சமும். உங்கள் கடிகாரத்தை இங்கே வையுங்கள். பதிப்பாசிரியருக்கு “இந்தக் காட்சியை முழுசாகப் படிக்க வேண்டும்” என்று தோன்ற வேண்டிய இடம் இதுதான்.
4. செயல் (பத்தில் இரண்டு பங்கு): முடிவு. அதன் கீழே தனி வரியில் வகை, சொல் எண்ணிக்கை, நாவல் முடிந்துவிட்டது என்ற தகவல், தொடர்பு எண். அவர் அடுத்துச் செய்ய வேண்டியது உங்களைக் கூப்பிடுவது. அதற்கு வழி தெரிய வேண்டும்.

குறிப்பு: சுருக்கத்தை நிகழ்காலத்தில், படர்க்கையில் எழுதுங்கள். நாவல் ‘நான்’ என்று சொல்லப்பட்டிருந்தாலும் சுருக்கத்தில் ‘முத்துமாரி’தான். ‘அவள்’, ‘அவர்’ இரண்டில் எதை எடுத்தாலும் கடைசிவரை மாற்ற வேண்டாம்.

படி 7: அடைமொழியை எடுத்துவிட்டு ஆதாரத்தை வையுங்கள்

கிளாட் ஹாப்கின்ஸ் என்ற விளம்பர எழுத்தாளரிடம் ஷ்லிட்ஸ் என்ற பீர் நிறுவனம் வந்தது. அந்தக் காலத்தில் எல்லா நிறுவனமும் ‘சுத்தமானது’ என்றுதான் விளம்பரம் செய்துகொண்டிருந்தது. ஹாப்கின்ஸ் ஆலைக்குள் போய்ப் பார்த்தார். வடிகட்டிய காற்று நிரம்பிய கண்ணாடி அறை, ஆழ்கிணற்றுத் தண்ணீர், பாட்டிலை நான்கு முறை கழுவும் இயந்திரம். “இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டார். “எல்லோரும் செய்வதுதானே” என்றார்கள். ஆனால் யாருமே சொல்லவில்லை. அவர் அந்த விவரங்களை அப்படியே எழுதினார். விற்பனை ஏறியது.

நமக்குப் பழகிப்போய்விட்டதால் நம் நாவலின் விவரங்கள் நமக்குச் சாதாரணமாகத் தெரிகின்றன. பதிப்பாசிரியருக்கு அவை புதிது. அடைமொழி வரும் இடத்திலெல்லாம் அந்த விவரத்தைப் போடுங்கள்:

- “மனதை உருக்கும் வறுமை” என்பதற்குப் பதில்: “எட்டுப் பவுன் நகையை அடகு வைத்தால்தான் முதல் மாதக் குத்தகை.”
- “கொடுமைக்கார அண்ணன்” என்பதற்குப் பதில்: “பாதி விலைக்குத் தருகிறாயா என்று கேட்கும் அண்ணன்.”
- “விறுவிறுப்பான உச்சக்கட்டம்” என்பதற்குப் பதில்: “மழை இரண்டு வாரம் முந்தி வருகிறது.”
- “உணர்ச்சிகரமான தாய் மகள் உறவு” என்பதற்குப் பதில்: “நகைப் பெட்டியைத் திறந்து பார்த்த செல்வி அம்மாவோடு பேசுவதை நிறுத்துகிறாள்.”

‘விறுவிறுப்பானது’ என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் வாசிக்கிறவர். அந்தத் தீர்ப்புக்கு வேண்டிய சாட்சியை நாம் கொடுத்தால் போதும்.

படி 8: ‘பிறகு’ சோதனை

எழுதியதைப் படித்து, பிறகு, அப்புறம், அடுத்து, இதற்கிடையில் ஆகிய சொற்களைச் சுழியுங்கள். ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு ‘அதனால்’ அல்லது ‘ஆனால்’ போட்டுப் பாருங்கள். பொருந்தினால் கதை காரண காரியத்தோடு ஓடுகிறது. பொருந்தாவிட்டால் அந்தச் சம்பவம் தனியாக நிற்கிறது. எடுத்துவிடுங்கள், அல்லது காரணத்தைச் சொல்லுங்கள்.

தமிழில் இன்னொரு கண்ணியும் உண்டு. ‘போய், பார்த்து, கேட்டு, திரும்பி வந்து’ என்று வினையெச்சத்தைக் கோத்துக்கொண்டே போனால் எது முக்கியமான செயல் என்பது தொலைந்துவிடும். ஒரு வாக்கியத்தில் இரண்டு எச்சத்துக்கு மேல் வந்தால் வாக்கியத்தை உடையுங்கள்.

படி 9: வரி விளம்பரக் கணக்குப் போடுங்கள்

நாளிதழில் வரி விளம்பரம் கொடுத்தவருக்குத் தெரியும், ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு. ‘மணமகன் தேவை’ விளம்பரத்தில் யாரும் ‘மிகவும் அன்பான, பாசமான’ என்று எழுதிப் பணத்தை வீணாக்குவதில்லை. படிப்பு, வேலை, ஊர், வயது என்று தகவலை மட்டும் வைப்பார்கள்.

1. சுருக்கத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
2. மொத்தத் தொகையில் கால் பங்கைக் குறைக்க வேண்டும் என்று இலக்கு வையுங்கள்.
3. முதலில் ‘மிகவும்’, ‘ஒரு விதமான’, ‘என்று சொல்லலாம்’ ஆகியவை போகட்டும்.
4. அடுத்து, ஒரே முறை வரும் ஆட்களின் பெயர்கள் போகட்டும். ‘தரகர்’, ‘பக்கத்து வீட்டுக்காரி’ என்றாலே போதும். பெயரோடு வருபவர் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம்.
5. கடைசியாக, இயற்கை வருணனை போகட்டும்.

குறிப்பு: ஆங்கிலச் சுருக்கத்துக்குச் சொல்லும் சொல் அளவை அப்படியே தமிழுக்கு எடுக்க வேண்டாம். வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிவிடுவதால், அதே விஷயம் தமிழில் கணிசமாகக் குறைந்த சொற்களில் அடங்கும். சொல்லை எண்ணுவதைவிட, ஏ4 தாளில் 12 புள்ளி எழுத்தில் ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்வது எளிது.

படி 10: வெளியாளிடம் படித்துக் காட்டுங்கள்

நாவலைப் படிக்காத நண்பரை உட்கார வைத்து, சுருக்கத்தை ஒரே ஒரு முறை சத்தமாகப் படியுங்கள். இடையில் விளக்கம் சொல்லக் கூடாது. படித்து முடித்ததும் தாளை மூடிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: யாருக்கு என்ன வேண்டும்? எந்தக் காட்சி நினைவில் நிற்கிறது? கடைசியில் என்ன ஆனது?

முதல் கேள்விக்குத் தடுமாறினால் தொடக்கம் சரியில்லை. இரண்டாவதற்குத் தடுமாறினால் கடிகாரம் ஒளிந்திருக்கிறது. மூன்றாவதற்குத் தடுமாறினால் முடிவைப் பூசி மெழுகியிருக்கிறீர்கள். “நல்லா இருக்கு” என்ற பதிலை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

முழு மாதிரி

அம்பாரம் (சமூக நாவல்)

தூத்துக்குடி, நிகழ்காலம். மகளின் கல்யாண நகையை அடகு வைத்து உப்பளத்தைக் குத்தகைக்கு எடுக்கும் முத்துமாரி, ஐப்பசி மழைக்குள் உப்பை விற்றாக வேண்டும். வாங்க வரும் லாரிகளையெல்லாம் திருப்பி அனுப்புவது அவளுடைய சொந்த அண்ணன்.

இருபது வருடமாக முத்துமாரி கூலிக்கு உப்பு வாரிய அளத்தின் முதலாளி இறந்துவிடுகிறார். அவர் மகன் அளத்தை விற்க முடிவு செய்கிறான். ஆள் கிடைக்கும்வரை ஒரு பருவத்துக்குக் குத்தகைக்குத் தர ஒப்புக்கொள்கிறான். முத்துமாரி பதினோரு பெண்களைச் சேர்க்கிறாள். முதல் மாதக் குத்தகைக்குப் பணமில்லை. அதனால் மகள் செல்விக்குத் தெரியாமல் எட்டுப் பவுனை அடகு வைக்கிறாள். உப்பு குவிகிறது, ஆனால் வாங்க ஆள் வருவதில்லை. அளத்தை விற்றுக்கொடுக்கும் தரகு அண்ணன் சுடலையிடம் இருப்பதால், தங்கை ஜெயிப்பது அவருக்கு நஷ்டம்.

நகை இல்லாததைக் கண்டுபிடித்த செல்வி அம்மாவோடு பேசுவதை நிறுத்துகிறாள். சுடலை பாதி விலைக்கு உப்பைக் கேட்கிறார். கொடுத்தால் நகை மீளும். ஆனால் மற்ற பெண்களுக்குக் கூலிகூட மிஞ்சாது. முத்துமாரி மறுக்கிறாள். புரட்டாசியிலேயே மழை இறங்குகிறது. அம்பாரத்தை மூட ஓலை போதவில்லை. பன்னிரண்டு பெண்களும் தங்கள் வீட்டுக் கூரையைப் பிரித்து வந்து உப்பை மூடுகிறார்கள். முதல் ஓலையைச் சுமந்து வருபவள் செல்வி.

பாதி உப்பு கரைந்துபோகிறது. மீதியை விற்றுக் குத்தகையை அடைக்கிறார்கள். நகை மீளவில்லை, கல்யாணம் நின்றுபோகிறது. குத்தகைப் பணம் முழுதாக வந்ததால் முதலாளி மகன் விற்பனையைத் தள்ளிவைக்கிறான். தை மாதம் அடுத்த பருவத்தின் குத்தகைப் பத்திரத்தில் முதல் கையெழுத்தைச் செல்வி போடுகிறாள்.

72,000 சொற்கள். நாவல் முழுமையடைந்தது.

அடிக்கடி நேரும் தவறுகள்

- கேள்வியோடு முடிப்பது. “முத்துமாரி ஜெயித்தாளா? நாவலைப் படியுங்கள்” என்பது பின்னட்டையின் வேலை.
- தன்னைத் தானே பாராட்டுவது. “தமிழில் இதுவரை வராத நாவல்” என்று எழுதினால், வந்த நாவல்களின் பட்டியல் பதிப்பாசிரியரின் மனதில் ஓடத் தொடங்கும்.
- பெரிய பெயரோடு ஒப்பிடுவது. “அடுத்த பொன்னியின் செல்வன்” என்று எழுதி யாரும் தேறியதில்லை. ஒப்பீடு வேண்டுமென்றால் களம், வகை அளவில் மட்டும், அறிமுகக் கடிதத்தில் சொல்லுங்கள்.
- இல்லாததைச் சேர்ப்பது. சுருக்கம் விறுவிறுப்பாக வேண்டும் என்பதற்காக நாவலில் இல்லாத திருப்பத்தை எழுத வேண்டாம். பிரதியைப் படித்ததும் தெரிந்துவிடும். ஒருமுறை ஏமாற்றிய கடையில் மறுபடி யாரும் சரக்கு எடுப்பதில்லை.
- கருத்தை விளக்குவது. “இந்நாவல் உழைப்பின் மேன்மையைச் சொல்கிறது” என்ற வரியை எடுத்துவிடுங்கள். கூரையைப் பிரிக்கும் காட்சி அதைச் சொல்லிவிட்டது.

பாதுகாப்பு: அனுப்பும் முன் கவனியுங்கள்

1. கதைக்கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது. எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான் உண்டு. எனவே முன்பின் தெரியாத இடத்துக்குச் சுருக்கத்தை மட்டும் தனியாக அனுப்ப வேண்டாம். நாவலை முடித்து, தேதி தெரியும்படி மின்னஞ்சலில் ஒரு பிரதி சேமித்த பிறகே அனுப்புங்கள்.
2. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, எழுதியவுடனேயே உரிமை உங்களுடையது. பதிவு செய்வது கட்டாயமல்ல. பின்னால் வழக்கு வந்தால் பதிவு நல்ல சாட்சியாக உதவும்.
3. கையால் எழுதிய ஒரே பிரதியை ஒருபோதும் அனுப்ப வேண்டாம்.
4. சுருக்கத்தைப் படிக்கவோ தேர்ந்தெடுக்கவோ பணம் கேட்டால், எதற்கு, எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மறுத்தால் விலகுங்கள்.
5. ஒப்பந்தம் வந்ததும் திரைப்பட உரிமை, மொழிபெயர்ப்பு உரிமை, ஒலிநூல் உரிமை ஆகியவை யாரிடம் போகின்றன என்று வரி வரியாகப் பாருங்கள். சுருக்கம் பிடித்துப்போன மகிழ்ச்சியில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம்.
6. “உண்மைச் சம்பவம்” என்று எழுதினால், உயிரோடு இருப்பவரின் பெயரையோ அடையாளத்தையோ சுருக்கத்தில் வைக்க வேண்டாம்.

கடைசிச் சரிபார்ப்பு

- ஒரு பக்கத்துக்குள் அடங்கியிருக்கிறதா?
- முதல் பத்தியில் ஆள், ஆசை, தடை, இழப்பு நான்கும் உண்டா?
- கடிகாரம் கண்ணில் படுகிறதா?
- முடிவு தெளிவாக இருக்கிறதா?
- யூனிகோடு எழுத்துருவில், பிடிஎஃப் கோப்பாக, கோப்பின் பெயரில் நாவல் தலைப்போடு இருக்கிறதா?
- தொலைபேசி எண் சரியா?

ஆறுக்கும் ‘ஆம்’ என்றால் அனுப்புங்கள். ஒரு பதிப்பகம் மறுத்தால் மனம் ஒடிய வேண்டாம். முதல் பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு படி 4-க்குத் திரும்புங்கள். நாவலுக்கு மூன்று வருடம் கொடுத்த நீங்கள், அதை வாசகரிடம் கொண்டுசேர்க்கும் இந்த ஒரு பக்கத்துக்கு மூன்று மாலையைக் கொடுங்கள். இன்று மாலையே நோட்டை எடுத்து, உங்கள் நாவலில் மட்டுமே இருக்கும் முதல் விவரத்தை எழுதுங்கள்.